ஓட்டை அடைக்கிறவர்

காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் கத்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"நீங்க கொடுத்து வெச்சவங்க அக்கா! படத்துல உங்க வீட்டுக்காரரை அந்த அப்பாவாப் பார்த்துட்டு மூணு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல. வீட்லயும் அப்படித்தானா?"

"வீட்ல அதுக்கும் மேல" என்றாள் கத்திரி.

"ஐயோ, கண்ணு படப்போகுது!"

படட்டும், நன்றாகப் படட்டும், இத்தனை நாள் படாமல் போனதுதான் குறை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, அவள் வெங்காயம் பொறுக்க ஆரம்பித்தாள். கடைக்கு எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது. உள்ளே அவளுடைய மாப்பிள்ளை உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததும் மரியாதையாகத் தலையை வேறு அசைத்தான். வெட்கம் கெட்ட ஜென்மம்! நாலு மாதமாக அவனுக்கு இதே பிழைப்பு. இவள் எங்கே போனாலும் பின்னாலேயே வருவான். பெற்றவள் என்றைக்காவது மகளைப் பார்க்கப் போகாமலா இருப்பாள் என்ற கணக்கு.

போகத்தான் வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மகளுக்கு முழங்கையில் இரண்டாவது ஆபரேஷன். பக்கத்தில் இருக்கவும் கையெழுத்துப் போடவும் அவளைத் தவிர ஆளில்லை. அந்த முழங்கையை உடைத்தவன்தான் எதிரே ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு அறையில் வேலை பார்த்த காலத்தில், அறிவிப்பாளர்களின் இருமலையும் தடுமாற்றத்தையும் ஒலிநாடாவிலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, வெட்டின இடம் தெரியாமல் ஒட்டுவாள். வெட்டியதென்னவோ பிளேடால்தான். ஆனாலும் பெயர் கத்திரி என்று நிலைத்துவிட்டது. அவள் புருஷனுக்கு அங்கே வெண்கலம் என்று பெயர். குரல் அப்படி. கணீரென்று இருக்கும். இருவருக்கும் கல்யாணம் என்றதும், "வெண்கலத்தைக் கத்திரி வெட்டுமா?" என்று நிலையமே கேலி செய்தது. வெட்டினாள். பத்தொன்பது வருடம் அந்த மனுஷன் உளறினதையெல்லாம் வெட்டி வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். ஊருக்குக் கேட்டதெல்லாம் மிச்சம்தான்.

வானொலிக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. மௌனம். மூன்று விநாடிக்கு மேல் சத்தம் இல்லாமல் போனால் பொறுப்பதிகாரி மேஜையில் சிவப்பு விளக்கு எரியும். மறுநாள் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மௌனத்துக்கு அவர்கள் பேச்சில் 'ஓட்டை' என்று பெயர். 'நேத்து செய்தியில ஓட்டை விழுந்துருச்சாமே' என்று கிசுகிசுப்பார்கள். வெண்கலம் ஒரே ஒரு விளக்கக் கடிதம்கூட எழுதாதவர். ஒரு தடவை யாரோ பெரிய மனிதரின் பேச்சு நாடா பாதியில் அறுந்துபோனபோது, ஒட்டி முடிக்கும் வரை பதினோரு நிமிடம் வெளியே பெய்கிற மழையை வர்ணித்தார். கூரைத் தகரத்தில் விழுகிற ஓசை, ஒதுங்கி நிற்கிற சைக்கிள்காரரின் ஒற்றைச் செருப்பு என்று ஒன்று பாக்கி வைக்கவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மறுநாள் எந்தத் தெருவில் மழை என்று கேட்டு ஐம்பது பேர் எழுதினார்கள்.

"ரேடியோவுக்குக் கண்ணு கிடையாது கத்திரி. நாமதான் கண்ணு" என்பார். "நாற்காலின்னு சொன்னா எவனுக்கும் தெரியாது. ஒரு கால் ஆடுற நாற்காலின்னு சொல்லு, அவன் உக்காந்தே பார்த்துடுவான்."

அதைக் கேட்டு அப்போது அவள் மயங்கினாள். அதை இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

பிறகு தொலைக்காட்சி வந்து மனுஷனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, நேரடி ஒளிபரப்பு. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கிற நிகழ்ச்சி. ஒரு நீளமான சோபா. அதில் ஒரு முனையில் அழுகிறவர், மறுமுனையில் அழவைத்தவர், நடுவில் வெண்கலம். காதுக்குள் ஒரு சின்னக் கருவி. அதன் வழியாக மேல் அறையிலிருந்து நிகழ்ச்சி நடத்துகிறவன் பேசிக்கொண்டே இருப்பான். அவனைக் கத்திரி காதுக்காரன் என்றுதான் சொல்லுவாள். ஒரே ஒரு தடவை அவள் அந்த மேல் அறைக்குப் போயிருக்கிறாள். கீழே சோபாவில் ஒரு பெண் மூச்சு முட்ட அழுதுகொண்டிருந்தாள். காதுக்காரன் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, "சார், காகிதம் குடுக்காதீங்க, மூக்கைத் துடைக்கவிடாதீங்க, அப்படியே இருக்கட்டும், இன்னும் இருவது செகண்ட்" என்று சொன்னான். வெண்கலம் நீட்டப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் உதட்டில் சளி வந்து நின்றது. கத்திரி எழுந்தாள். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

அங்கேயிருந்து சினிமா. அப்பா வேஷம். மகளுக்காக ஊரையே எதிர்த்து நிற்கிற அப்பா. "என் பொண்ணு கண்ணு கலங்கினா, என் வீட்டுச் சுவரு இடிஞ்சு விழும்டா!" என்று ஒரு வசனம். சுவர் ஏன் இடிய வேண்டும், கொத்தனார் சரியில்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தியேட்டரில் விசிலடித்தார்கள். போகிற இடத்திலெல்லாம் பெண்பிள்ளைகள், "அப்பா, ஒரு போட்டோ" என்று தோளில் சாய்ந்தார்கள். மனுஷன் வீட்டிலும் அந்த நடையை நடக்க ஆரம்பித்தார். தண்ணீர் கேட்கும்போதுகூட ஒரு கனிவு. தாங்க முடியாத கனிவு!

நிஜ மகள் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றது அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான்.

முப்பது வயதானாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. கதவிடுக்கில் சிக்கிவிட்டது என்றாள் முதலில். ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்த பிறகுதான் அம்மாவிடம் மட்டும் உண்மை வந்தது. வக்கீலம்மா ஒருத்தி ஏற்பாடு செய்துகொடுத்தாள். துறைமுக ஊர் ஒன்றில், மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஒரு அறை, அந்தக் கடையிலேயே வேலை. "அப்பாகிட்ட சொல்லவேண்டாம்மா" என்றாள் பாப்பா. கத்திரிக்கு மனசு கேட்கவில்லை. பெற்ற அப்பாவாயிற்றே, ராத்திரி தூக்கமில்லாமல் புரள்கிறாரே என்று கடை, படிக்கட்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்டதும் மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய் அழுகை இல்லை. ஆனால் அழுதுகொண்டே எதிரில் இருந்த நிலைக்கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். அதைப் பார்த்தபோதாவது அவள் புத்தி விழித்திருக்க வேண்டாமா?

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் வீட்டில் அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் ஒரு வயதான தச்சர், மகளோடு பேச்சில்லாமல் போனவர். "ஏன் ஐயா உங்க பொண்ணை வீட்டைவிட்டு அனுப்பினீங்க?" என்று வெண்கலம் கேட்டார். தச்சர் பதில் சொல்லவில்லை. தன் கைவிரல்களைப் பார்த்தபடி கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு விநாடி. இரண்டு. மூன்று. வெண்கலத்தின் கண் அலைபாய்ந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். நாடா அறுந்த அன்றைக்கு இருந்த அதே முகம். ஓட்டை விழுந்துவிட்டது. இனி கையில் எது கிடைத்தாலும் எடுத்து அடைப்பார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு அப்பா இருக்கார்" என்று ஆரம்பித்தார். "அவருக்கும் ஒரே பொண்ணு. புருஷன் கையை உடைச்சுட்டான். இன்னிக்கு அவ எங்க இருக்கா தெரியுமா ஐயா? கப்பல் சங்கு கேக்கிற ஒரு ஊர்ல. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. மேலே போக மஞ்சள் பெயின்ட் அடிச்ச இரும்புப் படிக்கட்டு. பதினாலு படி. உடைஞ்ச கையோட அந்தப் பதினாலு படி ஏறி இறங்குறா…"

சட்டை தீய்ந்து புகை வந்த பிறகுதான் கத்திரிக்குக் கை நகர்ந்தது. போனை எடுத்தாள்.

"பாப்பா, கிளம்பு."

"என்னம்மா, கடையில ஆளு இருக்காங்க."

"எதுவும் கேக்காதே. பையை எடுக்காதே. கடைக்காரம்மாகிட்ட சொல்லு, கதவைப் பூட்டச் சொல்லு, வக்கீலம்மா வீட்டுக்குப் போ. இப்பவே!"

நாலு மணி நேரத்தில் மாப்பிள்ளை அந்தக் கடைக்குப் போய்விட்டான். துறைமுக ஊர் எத்தனை இருக்கும், அதில் மஞ்சள் படிக்கட்டு இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடை எத்தனை இருக்கும்! கடைக்காரம்மா சொன்னபடி கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தாள். கண்ணாடிக் கதவு. இரும்புக் கம்பியால் அதை அடித்து நொறுக்கினான். அந்த அம்மாளுக்கு நெற்றியில் ஆறு தையல். யாருக்கோ உதவி செய்ததற்கு அவளுக்குக் கிடைத்தது அது. பாப்பா அதற்குள் ரயிலில் பாதி தூரம் போயிருந்தாள்.

வெண்கலம் சிரித்த முகத்தோடு வீடு வந்து சேர்ந்தார். "பார்த்தியா கத்திரி? அந்தத் தச்சர் கடைசியில பொண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு…"

அவள் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். மனுஷன் முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பேரு சொன்னேனா? ஊரு சொன்னேனா?"

"படி எத்தனைன்னு சொன்னீங்களே! அதுக்கப்புறம் பேரு எதுக்கு?"

"ஓட்டை விழுந்துருச்சு கத்திரி. அந்த ஆளு வாயே திறக்கல. நான் என்ன பண்ணுவேன்? வாய் தானா ஓடிருச்சு."

"ஓட்டை விழுந்தது அங்க இல்ல. உங்க வாயில. ஊருக்கெல்லாம் உபதேசம், பெத்த பொண்ணுக்கு உலை! நுணலும் தன் வாயால கெடும்பாங்க. இந்த நுணல் கெடவே கெடாது, மத்தவங்களைத்தான் கெடுக்கும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாவமாகக்கூட இருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. காதுக்காரன். எத்தனையோ லட்சம் பேர் பார்த்தார்களாம், அந்தக் கை உடைந்த பெண் யார் என்று கேட்டுக் குவிகிறார்களாம். வெண்கலம் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார், ம் கொட்டினார், பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"கத்திரி, கோவிச்சுக்காதே. ரெண்டு பேரையும் உக்காரவெச்சுப் பேசினா ஒரு வழி பிறக்கும்னு இவர் சொல்றார். மாப்பிள்ளையே இவருக்குப் போன் பண்ணி வர்றேன்னு…"

"எங்க உக்காரவெச்சு?"

எங்கே என்று இருவருக்கும் தெரியும். அந்தச் சோபாவில்தான்! கத்திரி எழுந்து போய்ச் சமையலறைத் தொட்டியில் த்தூ என்று காறித் துப்பினாள். குழாயைத் திறந்துவிட்டாள். எவ்வளவு நேரம் திறந்துவிட்டாலும் அருவருப்பு போகவில்லை.

அன்றிலிருந்து பாப்பா எங்கே இருக்கிறாள் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. "என் பொண்ணு, எனக்கே தெரியக்கூடாதா?" என்று கேட்பார். "கூடாது" என்பாள். கடை உடைத்த வழக்கில் மாப்பிள்ளை பதினைந்தே நாளில் ஜாமீனில் வந்து, காரை எடுத்துக்கொண்டு அவர்கள் தெருவுக்கே வந்துவிட்டான். போலீஸில் எழுதிக் கொடுத்தாள். "கார் நிக்கிறது குத்தமில்லையேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள்.

காய்கறிக் கடையிலிருந்து திரும்பி வரும்போதுதான் கத்திரிக்கு அந்த யோசனை வந்தது. வந்தவுடன் அவளுக்கே பிடிக்கவில்லை. எலிப்பொறி வைக்கிறவள் கையும் நாறத்தான் செய்யும். ஆனாலும் பக்கத்து வீட்டுப் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டாள்.

"ஒரு பொய் விலாசம் உங்கப்பாகிட்ட சொல்லப்போறேன். ஞாயித்துக்கிழமை அவர் அதை ஊருக்கே வாசிப்பார். கார் அங்க போகும். நான் உன்கிட்ட வந்துடுவேன்."

"அப்பா சொல்லமாட்டார்ம்மா."

"யாரு? உங்கப்பாவா?"

"அன்னிக்குத் தெரியாம வந்துருச்சு. அந்தக் கடைக்காரம்மா நெத்தியைப் போய்ப் பார்த்துட்டு வந்தார்னு நீதானே சொன்னே. மறுபடியும் சொல்றதுக்கு அவர் என்ன மிருகமா?"

"பந்தயம் கட்டறியா?"

"கட்டறேன். அவர் சொல்லலைன்னா, பின்வாசல் வழியா வந்து வக்கீலம்மா வண்டியில ஏறி ரெண்டு பேரும் வாங்க. அப்பாவையும் கூட்டிட்டு வா. எனக்கு அவரைப் பார்க்கணும்மா." குரல் உடைந்தது. "என்ன இருந்தாலும் மயக்கம் குடுக்கிறப்ப பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்."

கத்திரி ரொம்ப யோசித்து ஒரு விலாசம் கட்டினாள். யாருக்கும் அடிபடக்கூடாது, ஒரு நெற்றித் தையல் போதும். மலை மேல் ஒரு ஊர். கல்யாணம் ஆன புதிதில் போய் வந்த ஊர்தான். அங்கே காவல் நிலையத்துக்கு அடுத்த சந்தில் பழைய மரக்கிடங்கின் சுவர் ஒன்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. அந்தச் சுவரில் ஒரு நீலக் கதவை அவளே மனசுக்குள் பொருத்தினாள்.

சனிக்கிழமை காலைக் காப்பியின்போது சொன்னாள். மலை, மேகம், சந்து, நீலக் கதவு. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னை நம்பிச் சொன்னியே. செத்தாலும் சொல்லமாட்டேன் கத்திரி. என் நாக்கு அழுகிப்போகும்."

சவரம் செய்யாத கன்னம் உள்ளங்கையில் குத்தியது. மனதாரத்தான் சொன்னார். முப்பத்து மூன்று வருடம் அந்தக் குரலைக் கேட்டவளுக்கு அது தெரியாதா? அந்த நிமிடமே 'அது பொய், பாப்பா வேற இடத்துல இருக்கா, வாங்க போகலாம்' என்று சொல்லிவிடத் துடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். நாளைக்கு மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம், மனுஷன் இந்தச் சோதனையைத் தாண்டிவிடுவார், நானும் வருகிறேன் என்று துண்டை எடுத்துத் தோளில் போடுவார் என்று ஆசைப்பட்டாள். அன்று இரண்டு பைகளில் துணி எடுத்து வைத்தாள். ஒன்றில் அவருடைய வேட்டி சட்டை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்தாள். வெளியே கார் நின்றிருந்தது. மாப்பிள்ளையும் தன் போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பான்.

சோபாவில் ஒரு தையல்காரி, அவளை விட்டுப் போன மகன். நிகழ்ச்சி ஒழுங்காகப் போயிற்று. வெண்கலம் குறைவாகப் பேசினார். தையல்காரி மூக்கைச் சிந்த ஆரம்பித்ததும் அவரே காகிதத்தை எடுத்து நீட்டினார். காதுக்காரன் திட்டியிருப்பான். பதினொன்றரை. பன்னிரண்டாகப் பத்து நிமிடம். மகனிடம் ஏதோ கேட்டார். மகன் வாயைத் திறக்கவில்லை. மௌனம் விழுந்தது.

மூன்று விநாடி. நான்கு. கத்திரி எழுந்து நின்றுவிட்டாள். ஐந்து. அவர் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஓட்டையை ஓட்டையாகவே விட்டார். ஆறு. "அப்படித்தான்! என் ராஜா, அப்படியே இருங்க" என்று அவள் தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னாள். ஏழாவது விநாடியில் மகன் தேம்பிக்கொண்டே அம்மாவின் மடியில் விழுந்தான். கத்திரியும் அழுதாள். பாப்பா ஜெயித்துவிட்டாள். வக்கீலம்மாவுக்குப் போன் செய்யப் போனை எடுத்தாள்.

அப்போது அவர் விரல் காதுக்குப் போயிற்று. காதுக்காரன் என்ன சொன்னானோ! பேச வைத்திருந்த சரக்கெல்லாம் தீர்ந்தது, இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது என்றானா, ஜனங்கள் கேட்கிறார்கள் என்றானா, அது அவனுக்குத்தான் வெளிச்சம். வெண்கலம் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்பதுபோல. பிறகு இன்னொரு தடவை, அவ்வளவு வேகமில்லாமல். பிறகு காமிரா பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தக் கனிவு வந்து உட்கார்ந்தது. சினிமாக் கனிவு.

"கொஞ்ச மாசம் முன்னாடி ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னேன். அவ எப்படி இருக்கா, பத்திரமா இருக்காளான்னு எத்தனையோ அம்மாமார் கடிதம் எழுதியிருக்கீங்க. விவரம் எதுவும் சொல்லமாட்டேன், மன்னிக்கணும். பத்திரமா இருக்கா. அது போதும் நமக்கு." குரல் தழுதழுத்தது. "கவலையே படாதீங்க தாயே, பக்கத்துலயே போலீஸ் ஸ்டேஷன். அடுத்த சந்துதான். மேகம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வர்ற மலை ஊர். ஒரு நீலக் கதவு. அந்தக் கதவைச் சாத்திக்கிட்டு, இன்னிக்கு நம்ம மக நிம்மதியாத் தூங்குறா…"

ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது. எந்தக் காமிராவில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அந்தப் பக்கத்துக் கன்னத்தில்.

கத்திரி தொலைக்காட்சியை அணைக்கவில்லை. வாசலுக்குப் போனாள். பன்னிரண்டு பத்துக்கு அந்தக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. நாலு மாதமாக அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் ஆப்பிள் தோலும் கிடந்தன. நினைத்தது நினைத்தபடியே நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே! வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓங்கரித்தாள். வெறும் காப்பிதான் வந்தது.

அவர் வருகிறவரை அவள் காத்திருக்கவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டாள். மற்றதைக் கட்டில் மேலேயே விட்டுவிட்டாள். இரண்டு பஸ் மாறி, ஒரு ரயில் பிடித்து, மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பொது வார்டு. ஜன்னலோரக் கட்டில். பாப்பா கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, முகம் கழுவி, யாரோ வரப்போகிற மாதிரி தயாராக இருந்தாள். சுவரில் இருந்த தொலைக்காட்சி அணைந்திருந்தது.

"நேத்து நர்ஸக்காகிட்ட சொல்லி ஆஃப் பண்ணச் சொன்னேன்மா. பார்த்தா அப்பாவை நம்பாத மாதிரி ஆயிடும்ல" என்றாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். "எங்க அவரு? மாடிப்படி ஏறமுடியாம நிக்கிறாரா?"

கத்திரி பையைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகளின் நல்ல கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்னென்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், வந்தது இதுதான்.

"கார் போயிருச்சு பாப்பா."

பாப்பா கதவிலிருந்து கண்ணை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு பத்துக்கு."